கொலுசு தெரிய நட

1978 தை மாதம் என்னைப் பெண் பார்க்க, சிதம்பரத்திலிருந்து ஏழு பேர் பாசஞ்சர் ரயிலில் வந்து கடலூர் ஓ.டி.யில், அதாவது முதுநகரில், இறங்கினார்கள். காபித் தட்டை என் கையில் கொடுத்த அம்மா தலையில் இருந்த பூவைக்கூடச் சரிசெய்யவில்லை. சட்டென்று குனிந்து, புடவையை இரண்டு விரற்கடை தூக்கி இடுப்பில் செருகிவிட்டுக் காதோடு சொன்னாள்: "கொலுசு தெரிய நட."

கொலுசு பக்கத்து வீட்டுக்காரர்களுடையது. இரவல் வெள்ளியைக் காட்டிக்கொள்ளத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, அரங்கேற்றத்துக்குப் போகிறவள் மாதிரி கூடத்தைக் கடந்தேன். மாமியாராக வரப்போகிறவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததாக நினைவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு, "அம்மாடி, ஒரு சொம்பு தண்ணி கொண்டாயேன்" என்றார். கையில் காபி ஆவி பறக்கிறது, தண்ணீர் எதற்கு? போனேன், வந்தேன். போகும்போது குதிகாலையும் வரும்போது கணுக்காலையும் பார்த்து முடித்துவிட்டார். இரண்டும் ஒரே அளவு. காபி ஆறுவதற்குள் சம்பந்தம் முடிவாயிற்று. ஜாதகத்தை அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள்.

அந்தக் காலத்தில் கடலூரில் பெண் எடுப்பவர்கள் முதலில் கேட்பது காலைத்தான்; யானைக்கால் ஊர் என்று பெயர். கும்பகோணத்துக்கும் அதே பெயர் உண்டு. கேரளத்துக் கொச்சியை வைத்து, யானைக்கால் நோய்க்கு வெள்ளைக்காரன் 'கொச்சிக் கால்' என்றே பெயர் வைத்துவிட்டான். எங்கள் ஊர்ப் பெயரை அவன் வைக்கவில்லை என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் சிதம்பரம் வடக்கு வீதியில் வைத்திருந்தார்கள். என் கல்யாணத்துக்குப் பிறகு பத்து வருஷம் வரையில், வாசலில் யாராவது "எந்த ஊர்ப் பொண்ணு?" என்று கேட்டால், மாமியார் "கடலூரு" என்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் "கால் ரெண்டும் நல்லா இருக்கு" என்று சேர்த்துக்கொள்வார். வண்டிமாடு வாங்கி வந்தவர்கள் பல்லைப் பற்றிச் சொல்வது மாதிரி.

சோதிக்கக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டிலேயே ஒரு கால் இருந்தது. அப்பாவின் அக்கா, பெரியத்தை. வலது கால் முழங்காலுக்குக் கீழே தூண்; விரல்கள் அதன் அடியில் எங்கேயோ புதைந்து கிடக்கும். வருஷத்துக்கு ஐந்தாறு தடவை தொடையிடுக்கில் நெறி கட்டி, குளிர் நடுக்கி, காய்ச்சல் வரும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டித்தான் வரும் என்று அத்தை சத்தியம் செய்வாள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் ஒரு சுற்றுப் பெருக்கும். பெருத்தது பிறகு இறங்காது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, அப்பாவின் பழைய வேட்டித் துண்டை மேலே போட்டு மூடிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். தெருவில் போகிறவர்களோடு ஊர் வம்பெல்லாம் பேசுவாள். ஆனால் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று விடியற்காலையிலேயே நாலு வீடு தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் இருக்கவும் சொல்லவில்லை. விளக்கு வைத்த பிறகு திரும்பி வந்தவள், மாப்பிள்ளை எப்படி, என்ன வேலை என்று எதுவும் கேட்கவில்லை. "தண்ணி கேட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது, ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டுகிறவர்கள் திருடர்களாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுகாதாரத் துறைக்காரர்களாக இருக்க வேண்டும். மத்திய அரசு 1955இல் யானைக்கால் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. ரத்தம் எடுப்பவர்கள் பகலில் வந்து பயனில்லை. யானைக்கால் புழுவின் குட்டிகள் பகலெல்லாம் நுரையீரல் பக்கம் ஒதுங்கியிருந்துவிட்டு, நடுராத்திரியை ஒட்டித்தான் தோலடி ரத்தத்துக்கு வரும். அந்த நேரத்தில் கடிக்க வருகிற கியூலெக்ஸ் கொசுவில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் அல்லவா? பஸ் நேரம் தெரிந்து நிறுத்தத்துக்கு வருகிற பிரயாணி மாதிரி. புழுவுக்கு இருந்த அந்த ஒழுங்கு எங்களுக்கு இல்லை. டார்ச் வெளிச்சம் தெருமுனையில் தெரிந்ததும் கட்டிலுக்கடியில், குதிருக்குப் பின்னால், ஒரு தடவை கிணற்றடித் தொட்டிக்குள் என்று ஒளிந்துகொள்வோம். விரலில் ஊசி குத்தி எடுக்கிற ஒரு சொட்டு ரத்தத்துக்கு நாங்கள் அழுத அழுகைக்கு, ஒரு படி ரத்தம் போயிருக்க வேண்டும். பகலில் நகராட்சி ஆட்கள் வந்து சாக்கடையில் எண்ணெய் அடித்துவிட்டுப் போவார்கள். வானவில் நிறத்தில் சாக்கடை மின்னும். கொசு இருந்ததோ போனதோ, வேடிக்கை பார்க்க அழகாக இருக்கும்.

பிறகு மாத்திரை வந்தது. 1996இல் தமிழக அரசு, நோய் இருக்கிறதோ இல்லையோ, வருஷத்துக்கு ஒரு நாள் எல்லோருக்கும் ஒரே வேளை டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் திட்டத்தை எங்கள் கடலூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. பக்கத்தில் புதுச்சேரியில் 1975 முதல் கொசுக்களையே ஆராய்ந்துகொண்டிருந்த மத்திய அரசு நிறுவனம் இருந்ததும் எங்கள் ஊருக்குக் கிடைத்த கௌரவம். பெரியவர்களுக்கு மூன்று மாத்திரை. விழுங்கினால், உடம்பில் இருக்கும் குட்டிப் புழுக்கள் சாகும். பெரும்பாலும் புழு இருப்பவர்களுக்குத்தான் அன்றைக்குக் கொஞ்சம் காய்ச்சல், தலைசுற்றல். ஒருவருக்குத் தலை சுற்றினால் போதும், ஓ.டி. முழுக்கச் சுற்றும்.

அந்த நாளில் நான் பிறந்த வீட்டில் இருந்தேன். மாத்திரை கொண்டுவந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. "ஐயா, என் எதிர்க்க சாப்புட்டுடுங்க" என்று கெஞ்சியது. அப்பா மூன்றையும் வாயில் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துக் காட்டி, அது நோட்டில் டிக் போட்டுப் படியிறங்கியதும், நாக்கடியிலிருந்து மூன்றையும் எடுத்து வெற்றிலைப் பெட்டியில் போட்டார். "எனக்கென்ன வியாதியா? இல்லாத நோய்க்கு எதுக்கு மாத்திரை?" திண்ணையில் வேட்டித் துண்டுக்கடியில் அக்காவின் கால் இருக்கிறது, அதற்கு மூன்றடி தள்ளி இந்தப் பேச்சு. பெரியத்தை மட்டும், தனக்கு இனிமேல் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும், மூன்றையும் விழுங்கினாள். நானும் யோக்கியம் இல்லை. என் பங்கை முந்தானையில் முடிந்து சிதம்பரத்துக்குக் கொண்டுவந்து ரோஜாத் தொட்டியில் போட்டேன். அந்த ரோஜாவுக்கு யானைக்கால் வரவில்லை.

எனக்கும் வரவில்லை என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2022 மார்கழியில் கீழ வீதியில் காய்கறிப் பையோடு நடக்கும்போது நெஞ்சைப் பிடித்தது. நின்றால் விடும், நடந்தால் பிடிக்கும். ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் பார்த்து, பிரஷரும் அதிகம், இதயத்துக்குப் போகும் ரத்தமும் கொஞ்சம் மட்டு என்றார்கள். மாத்திரைப் பட்டியலில் ஆம்லோடிபின் 5 என்று ஒன்று. பிரஷருக்கும் நெஞ்சுவலிக்கும் ஒரே கல். ஒரு மாதத்தில் அதை 10 ஆக்கினார்கள். அதன் பிறகு தினமும் மூன்று மணிக்குக் காலில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். ஆறு மணிக்குப் பாதம் செருப்பு வாருக்கு மேலே ஆப்பம் மாதிரி பொங்கி நிற்கும். கட்டை விரலால் அழுத்தினால் பதிந்த குழி அப்படியே இருக்கும். காலையில் எழுந்தால் வற்றியிருக்கும். மெட்டியைக் கழற்ற சோப்புத் தண்ணீர் பத்தாமல் விளக்கெண்ணெய் வரைக்கும் போனோம்.

நாற்பத்தைந்து வருஷம் கழித்து, மாமியார் வைத்த பரீட்சையில் தோற்றுவிட்டேன். கூடத்துச் சுவரில் மாலையோடு இருக்கிறார். சாயங்கால வேளையில் அந்தப் படத்துக்கு நேரே நடப்பதைத் தவிர்த்தேன்.

எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் என் காலைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "நீங்க கடலூர் இல்ல? உள்ளயே இருந்திருக்கும். இப்ப வெளிய வருது" என்றார். ஊர்ப் பெயர் அவ்வளவு லேசில் போவதில்லை. நியாயமாகப் பார்த்தால், யானைக்காலை இப்போது தெருவில் காண்பதே அரிது. கண்டாலும் எழுபது தாண்டியவர்களாக இருக்கிறார்கள். என் பேத்திக்கு அந்த வார்த்தையே தெரியாது. அப்பா வெற்றிலைப் பெட்டியில் போட்டாலும், விழுங்கியவர்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும்.

வைத்தியம் வீதிக்கு ஒன்று. மூக்கிரட்டைக் கீரை, நெருஞ்சி முள் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு, பார்லிக் கஞ்சி. நீர் நன்றாகப் பிரிந்தது, கால் அசையவில்லை. கருவாட்டை விட்டேன். ஓ.டி.யில் பிறந்தவளுக்கு நெத்திலிக் கருவாட்டை விடுவது என்றால் என்ன என்று மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது. நாங்கள் அதை ஒரு துண்டுக் கருவாட்டில் முடிக்கிறவர்கள். பேரன் முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ் வாங்கி வந்தான். சித்திரை வெயிலில் சிதம்பரத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தேன். அதற்குள் பிரஷர் மாத்திரைக்கு வேலை கூடிவிட்டது.

அதன் பிறகு செய்த காரியம்தான் வெட்கக்கேடு. மருந்துக்கடையில் கேட்டு, ஃபுரோசமைடு என்கிற நீர் மாத்திரையை வாங்கி, கடலூருக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பும் அன்று காலையில் விழுங்கினேன். அது ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி ஆறு மணி நேரம் செய்யும். பஸ் கடலூர் போகவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கை நான் போடவில்லை; மாத்திரை போட்டது. பி.முட்லூர் தாண்டும்போது தெரிந்தது. புதுச்சத்திரத்தில் இறங்கி, முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று, "தப்பா நெனச்சுக்காதம்மா" என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் முழுவதும் கேட்காமலே கொல்லைப்புறத்தைக் காட்டினாள். அங்கேயிருந்து கடலூர் போக மூன்று பஸ் மாறினேன். ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு உயிர் போயிற்று. நீரோடு பொட்டாசியமும் போய்விட்டதாம். வீக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்து, கோபத்தில் ஆம்லோடிபினையே நிறுத்தினேன். அப்பாவின் மகள் அல்லவா? பத்து நாளில் கால் கல்யாணப் பெண்ணின் கால் ஆயிற்று. நான் இரவல் கொலுசைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் பிரஷர் 190ஐத் தொட்டிருந்தது.

மகள் என்னைத் தரதரவென்று வேறொரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. முதலில் கேள்விகள்: "ஒரு கால் மட்டுமா, ரெண்டுமா? படுத்தா மூச்சு முட்டுதாம்மா? தலையணை ரெண்டு வெக்கிறீங்களா? கெண்டைக்கால் சிவந்து வலிக்குதா?" ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டு, அன்றைக்கே ஓட வேண்டும்; மூச்சு முட்டினால் இதயம் தளர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். சிறுநீரில் புரதம், கிரியேட்டினின், தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, "இதயத்துல ஒண்ணும் மோசமில்ல. கால் வீங்குறது மாத்திரையால" என்றார்.

நான் நம்பவில்லை. அப்புறம் அவர் சொன்னது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் புரியும். "கீழணையிலேருந்து வடவாறு வழியா வீராணத்துக்குத் தண்ணி வருது. மதகைப் பூராத் தெறந்து விட்டுட்டோம். வடிகாலை மட்டும் யாரும் தூர் வாரல. என்னா ஆவும்? கடைமடை வயல்ல தண்ணி நிக்கும். ஆம்லோடிபின் தமனிப் பக்கத்து மதகைத்தான் தெறக்கும்மா. சிரைப் பக்கம் அப்படியே கெடக்கும். நடுவுல இருக்கற நுண்ணிய குழாய்ல அழுத்தம் ஏறி, தண்ணி கசிஞ்சு வெளிய வந்துடும். உடம்புல தண்ணி அதிகமாயிட்டா நீர் மாத்திரை கேக்கும். இது அதிகமான தண்ணி இல்ல, எடம் மாறி நிக்கிற தண்ணி."

கேட்டதும் எனக்கு ஒன்று விளங்கியது. மாநிலத்தில் எங்கே மழை பெய்தாலும் பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று கடைசியில் வந்து நிற்பது எங்கள் மாவட்டத்தில்தான். 2015 வெள்ளத்தை யார் மறப்பார்கள்? ஆக, என் கணுக்கால் என்பது உடம்பின் கடலூர் மாவட்டம். மேலே யார் மதகைத் திறந்தாலும் இங்கே நிவாரணப் பொட்டலம் கேட்க வேண்டியதுதான்.

எனக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் கால் வீங்கும். 10 என்றால் நூற்றுக்குப் பத்துக்கு மேல். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் அதிகம். புடவைக்கடியில் இருப்பதால் கணக்கு வெளியே தெரிவதில்லை.

இங்கே ஒரு பழங்கதை. இங்கிலாந்தில் ஷ்ரோப்ஷயர் பக்கத்துக் கிழவி ஒருத்தி, நீர் கோத்து வீங்கிய உடம்பை வற்றவைக்க ரகசியமாக ஒரு பச்சிலைக் கலவை வைத்திருந்தாள். அதில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் செடி என்று கண்டுபிடித்த டாக்டர் வில்லியம் விதரிங் 1785இல் புத்தகமே எழுதினார். அது இதயத்தில் வேலை செய்கிற மருந்து என்பது பிறகு தெளிவாகி, அந்தச் செடியின் குடும்பத்திலிருந்து வந்த டிகாக்சின் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கால் வீக்கத்துக்குக் கொடுத்தது அங்கே இதய மருந்தாயிற்று. இதயத்துக்குக் கொடுத்தது எனக்குக் கால் வீக்கமாயிற்று. என் மருந்துக்கு மருந்து தேடி யாராவது அந்த மாதிரி ஒரு கிழவியிடம் போயிருந்தால் தேவலை. எங்கள் எதிர்வீட்டு அம்மாளிடம் போகச் சொல்ல மாட்டேன்.

டாக்டர் 10ஐ எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்தாலும் சிரைப் பக்கத்தையும் கொஞ்சம் தளர்த்தும் சில்னிடிபினைப் போட்டார். கூடவே டெல்மிசார்ட்டான், அதுவும் வடிகாலைத் திறக்கிற ஜாதியாம். "நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. நிறுத்தணும்னு தோணுச்சுன்னா எனக்குப் போன் பண்ணிட்டுக் கோவப்படுங்க" என்றார். மூன்று வாரத்தில் முக்கால்வாசி வற்றியது. மீதிக்கு, "உக்காரும்போது காலைத் தூக்கி வைங்க."

சிதம்பரத்தில் குடியிருப்பவளிடம் இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. ஊருக்கு நடுவில் ஒருவர் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இடது காலைத் தூக்கியபடிதான் இருக்கிறார். அவரைத் தரிசிக்கப் போகிறவர்கள்தான் ஆருத்ராவுக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மணிக்கணக்கில் நின்று கால் வீங்கித் திரும்புகிறோம். 1981இல் நாட்டியாஞ்சலி தொடங்கிய வருஷம் கைக்குழந்தையோடு கோயில் தரையில் ராத்திரி வரை உட்கார்ந்து பார்த்தேன். எழுந்து ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். இப்போது நாற்காலி, அதற்கு முன்னால் முக்காலி, முக்காலியின்மேல் தலையணை. இத்தனையும் தூக்கிக்கொண்டு நாட்டியாஞ்சலிக்குப் போனால், ஆட வந்தவள் என்று நினைப்பார்கள்.

போன வருஷம் மகள்வயிற்றுப் பேத்தியைப் பெண் பார்க்க நெய்வேலியிலிருந்து வந்தார்கள். மகள் வீடு மஞ்சக்குப்பத்தில். பேத்தி தரையைக் கூட்டுகிற நீளத்துக்குப் பாவாடை மாதிரி ஒன்று உடுத்தியிருந்தாள். அவளுக்குக் கால் இருக்கிறதா என்பதே தெரியாது. பையனும் அவளும் ஏற்கெனவே ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள். பெரியவர்கள் வந்தது சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிடத்தான்.

பையனின் அம்மா எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாலை ஐந்தரை மணி. என் கால் தன் சுயரூபத்துக்கு வருகிற நேரம். காரில் வேறு தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தேன். அந்த அம்மாளின் கண் கீழே போயிற்று. என் கை தானாகப் புடவையை இழுத்து மூடியது. எதிர்வீட்டுக் குரல் காதில் கேட்டது. கடலூர் வீடு, கடலூர்ப் பாட்டி, பேத்திக்கும் இருக்குமோ என்று யோசிப்பார்கள். ரெண்டு காலும் ஒரே மாதிரி வீங்குது பாருங்க, ராத்திரியில வத்திடும், இது அது இல்ல என்று சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க, சம்பந்தி" என்று ஆரம்பித்தார். குரலைத் தணித்துக்கொண்டு. "ஆம்லோவா?"

"ஆமா. அதான் இருந்துச்சு. இப்ப மாத்திட்டாங்க."

"அஞ்சா, பத்தா?"

"பத்து."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் புடவையை இரண்டு விரற்கடை தூக்கினார். செருப்பு வாரின் தடம் பதிந்து, அதற்கு இரண்டு பக்கமும் ஆப்பம். "எனக்கு ஒரு வருஷமா பத்துதான். வீட்டுல யார்கிட்டயும் காட்டல. உங்க டாக்டர் பேரைச் சொல்லுங்க."

சொன்னேன். டெல்மிசார்ட்டானையும் சொல்லிவைத்தேன். புதுச்சத்திரத்தைச் சொல்லவில்லை, இன்னும் பாக்கு வெற்றிலை மாற்றவில்லை அல்லவா?

பேத்தி காபியோடு வந்தாள். அந்த அம்மாள் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "அம்மாடி, குடிக்கத் தண்ணி கொஞ்சம் கொண்டாயேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சமையலறை வாசலில் நின்ற மகளைப் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பேத்தி பாவாடை சரசரக்கப் போனாள், வந்தாள். அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து, மாத்திரை அட்டையை எடுத்து, சாயங்கால மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

நாலு வீடு தள்ளி உட்கார்ந்திருந்தவள் விளக்கு வைத்த பிறகு வந்து கேட்டால் சொல்லலாம். கேட்டாங்க, பெரியத்தை. மாத்திரைக்குத்தான்.